ஆட்டு வால் முடியும் ஏரி விராலும்

செஞ்சியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பேருந்தின் துடைப்பான் கண்ணாடியின் பாதி வழியில் நின்றுபோனது. ஓட்டுநர் ஓரங்கட்டி ஒரு நிமிடம்தான் நிறுத்தினார். நடத்துநர் எங்கிருந்தோ ஒரு சணல் கயிற்றை எடுத்து, துடைப்பானின் நடுவில் முடிச்சுப் போட்டு, ஒரு முனையை வலப்பக்க ஜன்னல் வழியாகவும் மறுமுனையை இடப்பக்க ஜன்னல் வழியாகவும் உள்ளே கொண்டுவந்தார். வண்டி கிளம்பியது. ஓட்டுநர் ஓர் இழுப்பு, நடத்துநர் ஓர் இழுப்பு.

"இழுப்பா, எதிர்ல லாரி வருது!"

"லாரி தெரியுது இல்ல? அப்ப கண்ணாடி நல்லாத்தான இருக்குது."

எங்கள் ஈப்போவில் இப்படி நடந்தால் பயணிகள் இறங்கி நின்று புகார் எழுதுவார்கள். இங்கே முன்வரிசைக்காரர் ஒருவர், "உனுக்குக் கை வலிக்கும், குடு, நான் கொஞ்ச நேரம் இழுக்கறேன்" என்று முறை கேட்டார். நான் கண்களை மூடிக்கொண்டு மடியில் இருந்த பச்சைத் தகரப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்காகத்தான் நான் மலேசியாவிலிருந்து வந்திருந்தேன்.

ஐந்து மாதங்களுக்கு முன் பேராக் மாநிலத்தின் வடக்கே ஒரு பெரிய நீர்த்தேக்கத்தில் என் மகன் முகிலனும் அவனுடைய நண்பன் ஹாபிஸும் மீன் பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. முகிலன் ஒரு மரக்கட்டையைக் கட்டிப்பிடித்தபடி இரவு முழுவதும் தண்ணீரில் கிடந்தான். காலையில் அவனைத் தூக்கினார்கள். ஹாபிஸ் மறுநாள்தான் கிடைத்தான். இருவரும் இடைநிலைப் பள்ளியில் இருந்து ஒரே மேசை. முகிலனுக்கு இப்போது இருபத்து நான்கு வயது.

அதன் பிறகு அவன் பேச்சு வற்றிவிட்டது. வாளியில் தண்ணீர் நிரம்பியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிப்பான். என் நாத்தனார் திருவண்ணாமலைக்கு ஒரு யாத்திரைக் குழுவுடன் கிளம்பியபோது அவனையும் அழைத்துப் போனாள். குழு திரும்பியது, அவன் திரும்பவில்லை. "கொஞ்ச நாள் இங்கேயே இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்பினான். அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள், "அம்மா, என் மேசை இழுப்பறையில் ஒரு பச்சைப் பெட்டி இருக்கும். அனுப்ப முடியுமா?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். தூண்டில் முட்கள், நூற்கண்டுகள், ஒரு சிறிய இரும்புப் பிடிப்பு. எல்லாம் மீன் பிடிக்கும் சாமான். என் கணவர், "அனுப்பாதே" என்றார். எனக்கு அனுப்பவும் மனமில்லை, அனுப்பாமல் இருக்கவும் துணிவில்லை. பள்ளி விடுமுறை வந்தது. நானே எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பெட்டியைக் காட்டி மகனை வீட்டுக்கு அழைத்து வருவது என் திட்டம். அவன் மறுபடி தண்ணீருக்குப் போகிறேன் என்றால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் திட்டம் ஏதும் இல்லை.

சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இரும்புப் பிடிப்பை எடுத்துப் பார்த்து, "இது இன்னா மேடம்?" என்று கேட்டார். "தையல் சாமான்" என்று சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அறிவியலும் நன்னெறியும் கற்பிக்கிறவள் நான்.

*

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் ஏழுமலை என்கிற ஆட்டோக்காரர் என் கைப்பையைக் கேட்காமலேயே வாங்கிக்கொண்டார். பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை.

"நகையா, யம்மா?"

"இல்லைங்க. என் பையனோடது."

"அப்ப நகையை வுட ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த மாட்டு வண்டிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் நடுவே, எனக்குத் தெரியாத ஏதோ ஓர் இடைவெளியில் ஆட்டோவைச் செருகினார். தீபத் திருவிழாக் கூட்டம் வடிந்திருந்தது. ஆனாலும் தெருவில் எல்லாரும் எல்லாத் திசையிலும் போய்க்கொண்டிருந்தார்கள். மழை மேகம் மலையின் பாதியை மறைத்திருந்தது.

முகிலன் வாடகைக்கு இருந்தது கடைத்தெருவை ஒட்டிய சந்தில், பானு என்பவரின் மாடி அறை. பானு ரவிக்கைகளுக்கு ஆரி வேலைப்பாடு செய்கிறவர். வாசலிலேயே மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார்.

"முகிலு அம்மாவா? வாங்கக்கா, வாங்க. நல்ல வேளை வந்தீங்க. புள்ள ரொம்ப கம்மியா சாப்புடுது. பிரியாணி குடுத்தா பாதியைத் திருப்பி அனுப்புது. என் பிரியாணிய யாரும் திருப்பி அனுப்பினது கெடையாது, எனக்கு ரெண்டு நாளு தூக்கமே இல்ல."

முகிலன் மாடிப்படியில் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. தோள் எலும்பு சட்டைக்குள் தெரிந்தது. அழக்கூடாது என்று செஞ்சியிலிருந்தே ஒத்திகை பார்த்து வந்தேன். அழவில்லை. பெட்டியை நீட்டினேன்.

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்து அதைத் திறந்தான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அம்மா, வால் எங்கே?"

"எந்த வால்?"

"அம்மா."

"அது மான் வாலுடா. இந்தியாவுல மானோட முடி வெச்சிருந்தாலே உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களாம். வீட்டுல அரிசி டின்னுக்குப் பின்னால வெச்சுட்டு வந்துட்டேன்."

"அது அமெரிக்கா மான். கடையில வித்தது."

"பிடிச்சா, மான் எந்த ஊருன்னு நான் போலீஸ்கிட்ட விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கணுமா?"

ஐந்து மாதங்களில் எங்களுக்கிடையே நடந்த மிக நீண்ட உரையாடல் அது.

பெட்டியின் மூலையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். அதற்குள் ஒரு நீண்ட முள். உடல் முழுவதும் வெள்ளி இழை நெருக்கமாகச் சுற்றப்பட்டு, தலைப்பக்கம் வெறுமையாக இருந்தது. "ஹாபிஸ் கட்டிக்கிட்டிருந்தான். இதுக்கு மேல முடி வெச்சுக் கட்டணும். அந்தப் பயணம் முடிஞ்சு வந்து கட்டலாம்னு சொன்னான்." முள்ளைத் தீப்பெட்டிக்குள் திரும்ப வைத்தான். "இதைக் கட்டி முடிச்சு ஒரு தடவை தண்ணியில போட்டுப் பார்க்கணும்மா. அப்புறம் வீட்டுக்கு வர்றேன்."

கதவுக்குப் பின்னால் துணி சுற்றிய நீளக் குழாய் ஒன்று சாய்ந்திருந்தது. ஹாபிஸின் தூண்டில் கோல். ஹாபிஸின் அப்பா இவனிடம் கொடுத்தாராம். யாத்திரைக்கு வந்த பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே அது பயணம் செய்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

"தண்ணி கிட்ட வேணாம், முகிலா" என்று மட்டும் சொன்னேன். அவன் பெட்டியை மூடினான்.

*

மறுநாள் காலை அவன் என்னைச் செங்கம் சாலையில் ஒரு கடைக்குக் காப்பி குடிக்க அழைத்துப் போனான். எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற பால் தேநீரை ஆற்றுவது ஒரு வித்தை. இங்கே காப்பி தானாகவே நுரையோடு வந்து டபராவில் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூன்று வாரமாக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? சொல்கிறேன் கேள்." எங்களுக்கு இட்லி வந்து, தீர்ந்து, இரண்டாவது காப்பியும் வந்தது. அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முகிலனைப் பார்த்தேன். அவன் டபராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். வாயோரம் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. ஒருவேளை என் ஆசையாக இருக்கலாம்.

திரும்பி வரும்போது பானு ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றார். அவருடைய தம்பிக்குக் கறிக்கடை. பைக்குள் வெள்ளாட்டு வால்கள், வெள்ளை வெளேரென்று.

"மான் வாலு கேட்டியாமே. ஆட்டு வாலு வெச்சுப் பாரு. மீனுக்கு இன்னா தெரியப் போவுது, அது இன்னா ஆட்டையும் பாத்ததில்ல, மானையும் பாத்ததில்ல."

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் முகிலன் ஒரு வாலை எடுத்து, முடியை விரலுக்கிடையில் உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பார்த்த விதத்தில் பழைய முகிலன் இருந்தான். வாயை மூடிக்கொண்டேன். வால்களைச் சவுக்காரம் போட்டு அலசி, உப்புத் தடவி, மொட்டை மாடியில் துணிகளுக்கு நடுவே கொடியில் காயவைத்தவளும் நானே. துணிகளுக்கு அந்தப் பக்கம் கோபுரம், அதற்குப் பின்னால் மலை. இந்தப் பக்கம் வரிசையாக ஆட்டு வால்கள். எதிர்மாடிப் பெண்மணி வெகு நேரம் பார்த்துவிட்டு, "வடகமா?" என்று கேட்டார்.

மத்தியானம் அவன் கட்டத் தொடங்கினான். முதலில் பழகுவதற்கு வெற்று முட்கள். இதைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 'பக்டெய்ல்' என்று பெயர், ஆண் மானின் வால். புழுவும் இல்லை, மாவும் இல்லை. முள்ளின் மேல் முடியைக் கட்டிச் சின்ன மீன்போல் ஆக்கி, பெரிய மீனை நம்பவைக்க வேண்டும்.

முள்ளைப் பிடிப்பில் இறுக்கினான். பானு கொடுத்த ஜரிகையை உடல் முழுக்கச் சுற்றினான். பிறகு ஒரு சிட்டிகை முடியை வெட்டி, அடியில் இருக்கும் பஞ்சை ஊதி நீக்கி, நுனிகளைச் சமமாக்கி, முள்ளின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். நூலை இரண்டு சுற்று, தளர்வாக. மூன்றாவதில் மெல்லக் கீழே இழுத்தான். முடி புரளாமல் அப்படியே நின்றது.

"இவ்வளவுதானா முடி? எலி வால் மாதிரி இருக்கே."

"நிறைய வெச்சா துடைப்பம் ஆயிடும். கம்மியா இருந்தாத்தான் தண்ணி உள்ள பூந்து போகும். மூச்சு விடுற மாதிரி அசையும்."

தலைப்பகுதியில் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு கடுகளவு மேடாக்கி, பானுவின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தான். முடிந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, நூலில் கட்டி உள்ளே விட்டான். அவன் தண்ணீருக்குள் பார்ப்பதை நான் பார்த்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

குவளைக்குள் ஆட்டு வால் முடி விரிந்தது. நூலைச் சற்று இழுத்ததும் ஒடுங்கியது. விட்டதும் விரிந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். கறிக்கடையில் குப்பைக்குப் போகவேண்டியது, என் கண்முன்னால் ஒரு குவளைக்குள் உயிரோடு இருந்தது.

பானு மேலே வந்து இன்னொன்றை எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தார். "முள்ளு மட்டும் இல்லன்னா கல்யாணத்துக்கே போட்டுக்கினு போலாம்."

*

நிறம்தான் சிக்கல். ஹாபிஸ் விரும்பிக் கட்டும் வகையில் மேலே மஞ்சள், நடுவில் சிவப்பு, கீழே மஞ்சள். முகிலன் சாயக்கடை தேடிப் போகிறேன் என்றான். நான் விடவில்லை. மஞ்சளும் சிவப்பும்தானே? ஆரத்தி கரைக்காத கையா இது?

சமையலறையில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைக் கரைத்து முடியை ஊறவைத்தேன். அருமையான மஞ்சள். இன்னொரு கிண்ணத்தில் அதே மஞ்சளோடு பானுவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பு. கிண்ணம் இரத்தச் சிவப்பாக மாறியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிக்காது. முடியும் சிவந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று அடுக்கி ஒன்று கட்டினான். அம்மன் கோயில் வாசல்போல் இருந்தது. குவளைக்குள் விட்டான்.

மெதுவாக, எங்கள் இருவரின் கண்ணெதிரே, சிவப்பு கரைந்தது. அடியில் இருந்து மஞ்சள் வந்தது. சிறிது நேரத்தில் அது மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ஆண்டுதோறும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மஞ்சள் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துச் சிவப்பாக்கி, நல்ல தண்ணீரில் கழுவி மறுபடி மஞ்சளாக்கிக் காட்டும் அறிவியல் ஆசிரியை நான்.

"டீச்சர்" என்றான் முகிலன். "இது காரமா, அமிலமா?"

அப்புறம் சிரித்தான். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எதைத் துடைத்தான் என்று நான் கேட்கவில்லை.

கீழே இருந்து பானு, "இன்னாக்கா சிரிப்பு, எனக்கும் சொல்லுங்க" என்று மேலே வந்தார். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆரத்தி எடுத்தா தெருவுலதான ஊத்துவோம், அதைக் கொண்டும்போய் ஏரியில முக்கினா? இருங்க, எங்க மாமனாரு தாடிக்கு வெச்சது மீதி இருக்குது." அது மருதாணி. முடியை அதில் புதைத்து வைத்தோம். காலையில் எடுத்துக் கழுவினேன். எத்தனை கழுவியும் போகாத ஒரு நிறம், சிவப்பு இல்லை, செம்மஞ்சள், தணலின் நிறம்.

முகிலன் தீப்பெட்டியிலிருந்து ஹாபிஸின் முள்ளை எடுத்துப் பிடிப்பில் வைத்தான். அதன் வெள்ளி உடலின் மேல் மஞ்சள், மருதாணி, மஞ்சள். நூலை இறுக்கும்போது அவன் மூச்சை அடக்கியிருந்தான். நானும்தான். கடைசி முடிச்சைப் போட்டதும் முள்ளின் கொக்கியில் இருந்த சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி மழுங்கடித்தான். "மீனுக்கு வலி கம்மி. சுலபமா கழட்டி விட்டுடலாம். ஹாபிஸ் எப்பவும் இதைச் செய்வான்."

*

ஏழுமலையின் மச்சான் முருகேசன் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார். இதை ஏழுமலை சொன்னதும் நான் கேட்டது ஒரே கேள்வி.

"ஆழம் எவ்வளவுங்க?"

"கரையோரம் முட்டிதான் யம்மா. உள்ள போனாதான் ஜாஸ்தி. நீங்க இன்னாத்துக்கு உள்ள போவப் போறீங்க?"

கரையில் நின்றுதான் வீசுவேன், தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்று முகிலனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். அவன் உடனே ஒப்புக்கொண்டான். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது.

ஆட்டோ ஏரிக்குச் சற்று முன்னால் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் தள்ள, ஏழுமலை உள்ளே இருந்தபடி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஊக்கம் கொடுத்தார். சேறு என் கண்ணாடி வரை தெறித்தது. பிறகு அவரே இறங்கி, வயலோரம் அவித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கி நீட்டினார். வேர்க்கடலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவித்த சூட்டோடு, உப்போடு, மண் மணத்தோடு. எங்கள் ஊரில் அதை டின்னில் அடைத்து விற்பதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஏரி நிரம்பிக் கிடந்தது. கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. தூரத்தில் மலை, மேகம் இல்லாமல். முருகேசன் தூண்டிலை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது, மயிர்ல மீன் புடிக்கப் போறாரா?"

"ஆட்டு மயிருடா. பாய் வீட்டு மருதாணி வேற" என்றார் ஏழுமலை.

"அப்ப மீனு வரும்போது மாலையும் கையுமாத்தான் வரும்." முருகேசன் சிரித்துவிட்டுத் தீவிரமானார். "தம்பி, புடிங்க. ஆனா குஞ்சு மேய்க்கற விரால் மட்டும் வேணாம். அதை நாங்களும் தொடமாட்டோம்." மடையைப் பார்க்க வேண்டும் என்று கரைமேல் நடந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டார். ஏழுமலை டீ வாங்கிவரக் கிளம்பினார். நாங்கள் இருவர் மட்டும்.

முகிலன் செருப்பைக் கழற்றவில்லை. தண்ணீர் தொடும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கோலைத் தூக்கினான். இந்த வகைத் தூண்டிலில் எடை முள்ளில் இல்லை, கயிற்றில்தான். மீ கோரெங் நூடுல்ஸ் பருமன் இருக்கும் அந்தக் கயிறு அவன் பின்னால் எழுந்து, காற்றில் நீண்டு, தலைக்கு மேலாக முன்னால் வந்து, மறுபடி பின்னால் போயிற்று. சத்தமே இல்லை. மூன்றாவது முறை விட்டான். கயிறு தண்ணீரின் மேல் தன்னைத்தானே விரித்துக்கொண்டு படுத்தது. நுனியில் ஹாபிஸின் முள் ஓர் இலை விழுவதுபோல் விழுந்தது. இவனுக்கு இது தெரியும் என்று இருபத்து நான்கு வருடங்களாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். தெளிந்த தண்ணீரில் அது வருவது தெரிந்தது. விரிந்தது, ஒடுங்கியது, விரிந்தது. கரைக்கு வந்ததும் மறுபடி வீசினான். ஒரு தடவை என்றுதான் சொல்லியிருந்தான். நான் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு கருவேல மரத்துக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கொதிப்பதுபோல் ஒன்று நகர்ந்து வந்தது. மழைத்துளி விழுவதுபோல் நூற்றுக்கணக்கான சிறு வளையங்கள். அதற்குள் செம்மஞ்சளாக ஒரு மேகம். உற்றுப் பார்த்தேன். விரல்நகம் அளவு மீன்குஞ்சுகள். எல்லாம் எங்கள் மருதாணியின் நிறம்.

"குஞ்சு" என்றான் முகிலன். வேகமாகக் கயிற்றை இழுத்தான், தூண்டிலை எடுத்துவிட. அதுதான் தவறாயிற்று. தணல் நிறத்தில் ஏதோ ஒன்று குஞ்சுகளின் நடுவே பாய்ந்து ஓடியதை அடியில் இருந்த தாய் பார்த்துவிட்டது. தண்ணீர் வெடித்தது. கருத்த முதுகு ஒன்று புரண்டு மறைந்தது. கோல் வில்லாக வளைந்தது.

"குஞ்சு மேய்க்கறதுங்க!" தூரக் கோடியிலிருந்து முருகேசன் கத்தினார். "வுட்டுடுங்க தம்பி, வுட்டுடுங்க!" கரையோடு ஓடிவரத் தொடங்கினார். ஆனால் வெகு தூரம்.

விரால் நேராகக் கருவேல மரத்துக்குள் போயிற்று. கயிறு முள் கிளையில் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றது. முகிலன் இழுத்தான், தளர்த்தினான், மறுபடி இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. மரத்தடியில் ஓர் அலை எழுந்து அடங்கியது. எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து கிளையில் உட்கார்ந்து குஞ்சுகளைப் பார்த்தது.

"அம்மா, அது மேல வரணும்." அவன் குரல் மாறியிருந்தது. "விரால் மேல வந்துதான் மூச்சு விடும். வர முடியலேன்னா முங்கிச் செத்துடும்."

"மீன் எப்படிடா முங்கும்?"

"இது முங்கும்மா."

கோலைக் கீழே போட்டான். தண்ணீரை நோக்கிப் பாய்ந்தான். தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்றான். செருப்பு முனையில் அலை வந்து தொட்டது. ஒரு கால் எழுந்து, திரும்பவும் அதே இடத்தில் இறங்கியது. "போ" என்று தனக்குத்தானே சொன்னான். போக முடியவில்லை.

இது நான் வேண்டிக்கொண்டதுதான். ஐந்து மாதங்களாக, தினமும்: அவன் தண்ணீரில் இறங்கக் கூடாது. அவன் முகத்தைப் பார்த்தேன். ஐந்து மாதங்களுக்கு முன் அவனை நீர்த்தேக்கத்திலிருந்து தூக்கிய காலையில் நான் பார்த்ததும் அந்த முகம்தான்.

நான் இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. புடவை காலைச் சுற்றியது. அடியில் சேறு பாதத்தை இழுத்தது. எனக்கு நீந்தத் தெரியாது. திரும்பிக் கையை நீட்டினேன்.

"வா" என்றேன். "முட்டிதான்னு சொன்னாரே."

முட்டி இல்லை, தொடை. பிறகு இடுப்பு. அவன் கை என் கையை நெரித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, குருடர்களைப்போல் அடி வைத்து, மரத்தடிக்குப் போனோம். அங்கே போனதும் அவனுக்கு யோசிக்க நேரமில்லை. கிளைக்குள் கையை விட்டான். மரத்தின் முள் கீறியது. கயிற்றை விடுவித்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தது. வாயோரத்தில் ஹாபிஸின் முள், மருதாணி முடியில் பாதி பிய்ந்துபோய். முகிலன் கொக்கியைத் திருப்பினான். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"பிடிம்மா. தலைக்குப் பின்னால. இறுக்காதே. நிமிர்த்தி வை."

பிடித்தேன். பாம்பின் தலை, கரும்பச்சை முதுகு, வயிற்றில் வெள்ளைக் கோடுகள். கனமாக, குளிராக, அசையாமல் இருந்தது. நான் அதன் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தூக்கினேன். "களக்" என்று ஒரு சத்தம். அது காற்றை விழுங்கியது. மனிதர் விழுங்குவதுபோலவே. என் உள்ளங்கைக்குள் அதன் உடம்பு ஒரு தடவை விம்மியது.

அப்போதுதான் குஞ்சுகள் வந்தன. எப்படித் தெரிந்ததோ. செம்மஞ்சள் மேகம் மரத்தைச் சுற்றி வந்து, என் இடுப்பைச் சுற்றி, என் விரல்களுக்கு நடுவே புகுந்து, தாயின் வயிற்றுக்கு அடியில் கூடியது. ஆயிரம் சிறு வாய்கள் என் தோலை உரசின. கொக்கு எழுந்து போய்விட்டது. கரையில் முருகேசன் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

கைகளைத் திறந்தேன். அது போகவில்லை. திறந்த கைகளுக்கு மேலே, எதையோ யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வாலை ஒரு முறை அசைத்து ஆழத்துக்கு இறங்கியது. மேகம் முழுவதும் ஒரே சமயத்தில் திரும்பி அதன் பின்னால் போயிற்று.

நிமிர்ந்து பார்த்தேன். என் மகன் இரண்டடி தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்று, அவை போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையை நான் எப்போது விட்டேன் என்று எனக்கு நினைவில்லை.